வேதம் விழாது

கடவுளைத் தவிர வேறு எதன் முன்னாலும் தலை குனியாத மனிதன் இந்த உலகத்தில் இன்னும் ஒருவன்தான் பாக்கி இருக்கிறான், அந்த ஒருவனும் தான்தான் என்பது லிஃப்ட் மெக்கானிக்கின் தீர்மானமான கருத்து. இதை அவன் விளையாட்டாகச் சொல்வதில்லை. சாப்பாட்டுத் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, சாட்சிக் கூண்டில் ஏறியவனைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு சொல்வான்.

“கல்லு, மரம், காகிதம், முதலாளி. எது முன்னாடியும் இந்தத் தலை குனிஞ்சதில்ல. இனியும் குனியாது.”

“நேத்து ஊசியில நூல் கோக்கச் சொன்னப்ப மூக்கு மேசையில இடிக்கிற அளவுக்குக் குனிஞ்சீங்களே,” என்பாள் மனைவி.

“அது பார்வைக் கோளாறு. பக்தியில சேராது.”

மனைவி தையல் வேலை செய்பவள். காலால் மிதிக்கும் மெஷினை விற்றுவிட்டுக் கைச்சக்கர மெஷினுக்கு மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. முதுகெலும்பில் செய்த ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கால்கள் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டன. சக்கர நாற்காலியில் வீடு முழுக்கச் சுற்றுவாள். கடைத்தெருவுக்குப் போவாள். அவளால் போக முடியாத இடம் ஒன்றே ஒன்றுதான், அவர்களுடைய சபையின் ஆராதனைக் கூடம். அது மாடியில் இருந்தது. படிக்கட்டு குறுகல், நடுவில் ஒரு திருப்பம். ஒரு தடவை நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு அவளைத் தூக்கிப் பார்த்தார்கள். திருப்பத்தில் ஒருவருக்குத் தோள் பிசகி, பாதியிலேயே இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் படிக்கட்டுக்குக் கீழே, குடைகள் செருகும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சுவரில் மாட்டிய ஸ்பீக்கரில் ஆராதனை கேட்பாள். ஒரு காலத்தில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்றவள். மேலே பாட்டு ஆரம்பித்ததும் கீழே இவளும் சேர்ந்து பாடுவாள். குடைகள் கேட்டுக்கொண்டிருக்கும்.

“பாட்டு நல்லாத்தான் கேக்குது. முகம்தான் ஒண்ணும் தெரியல,” என்பாள். அவள் புகார் அவ்வளவுதான்.

அந்த முகங்களுக்காக மெக்கானிக் வருடம் தவறாமல் சபைக் குழுவிடம் போய் ஒரு லிஃப்ட் கேட்பான். கூலி வேண்டாம், வேலையை நானே செய்து தருகிறேன் என்பான். “ஜெபத்துல வெச்சிருக்கோம் தம்பி” என்று பதில் வரும். ஜெபத்தில் வைத்ததைத் திரும்ப எடுக்கும் வழக்கம் குழுவுக்கு இல்லை.

ஆகவே, லிஃப்ட் போடப்போகிறோம், அளவெடுக்க வா என்று குழுவே ஆள் அனுப்பியபோது அவன் நம்பவில்லை. மனைவி நம்பினாள். அலமாரியின் அடித்தட்டில் மடிந்து கிடந்த நீலத் துணியை எடுத்து விரித்து, கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்தாள்.

குழுவின் அறையில் ஜன்னல்கள் மூடியிருந்தன. வெளிச்சம் பட்டால் தோல் அட்டை வெளுத்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். நீள மேசையின் நடுவில், வெல்வெட் துணியின் மேல், சபையின் பெரிய வேதம் படுத்திருந்தது. மெக்கானிக் சின்ன வயதிலிருந்தே பார்க்கும் புத்தகம்தான். பிரசங்க மேடையில் எந்நேரமும் திறந்து கிடக்கும்; யார் வேண்டுமானாலும் போய்ப் புரட்டலாம்; ஏதோ ஒரு பக்கத்தில் யாரோ சிந்திய தேநீர்க் கறைகூட உண்டு. இப்போது அதைச் சுற்றி ஆறு பேர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

குழுத் தலைவரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் லாக்கர் ஐயா என்பார்கள். ஒரு வங்கியில் பெட்டகங்களின் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பூட்டப்படாத எதைப் பார்த்தாலும் அவருக்கு முகம் வாடிவிடும். அவருக்குப் பக்கத்தில் போதகர், வாடகைக்குக் குடியிருப்பவரைப் போல நாற்காலியின் நுனியில்.

“எவ்வளவு எடை தாங்கணும் ஐயா?” என்று டேப்பை இழுத்தபடியே கேட்டான் மெக்கானிக்.

“பதினோரு கிலோ.”

அவன் சிரித்தான். “என் வீட்டுக்காரியே நாப்பத்தெட்டு கிலோ ஐயா. நாற்காலி வேற இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை. போதகர் தன் கையுறையில் நூல் பிரிந்த இடத்தைப் பார்த்தார்.

“உங்க வீட்டம்மா எதுக்கு இதுல வர்றாங்க?” என்று உண்மையான குழப்பத்தோடு கேட்டார் லாக்கர் ஐயா. “லிஃப்ட் வேதத்துக்கு. கீழ பாதாள அறை கட்டப்போறோம். வாரம் முழுக்க அங்க ஓய்வு. ஞாயித்துக்கிழமை அங்கிருந்து நேரா மேடைக்குப் பின்னாடி எழுந்து வரணும். மனுஷக் கை பட்டு, படியேறி, மூச்சு வாங்கி, வேர்வை சொட்டி... வேதத்துக்கு அது அழகா தம்பி?”

“அப்ப என் வீட்டுக்காரி?”

“அவங்களுக்குத்தான் ஸ்பீக்கர் இருக்கே. போன மாசம்தான் புதுசு மாட்டினோம்.”

மெக்கானிக்குக் காது சூடேறியது. “நான் ஒண்ணு கேக்கறேன் ஐயா. கடவுளே இங்க வந்து நின்னா, எதை முதல்ல மேல தூக்கச் சொல்லுவாரு?”

லாக்கர் ஐயா கோபப்படவில்லை. கடன் கேட்டு வந்தவரிடம் பேசும் பழைய கனிவு அவர் குரலில் வந்தது.

“கடவுளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அவர் எங்க இருக்கார்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியல. மேல இருக்கார்ங்கறாங்க, உள்ள இருக்கார்ங்கறாங்க, எல்லா இடத்துலயும் இருக்கார்ங்கறாங்க. என் பெட்டகத்தைப் பத்தி ஒருத்தன் இப்படி பதில் சொல்லியிருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். வேதம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். சாவி எங்கிட்ட இருக்கு.” சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். “இன்னொண்ணு. கடவுள் மன்னிச்சுடுவாரு. அது அவர் சுபாவம். வேதத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது.”

“லிஃப்டுக்கு எடை தெரியும் ஐயா,” என்றான் மெக்கானிக். “மரியாதை தெரியாது.”

“கத்துக்குடுப்போம்,” என்றார் லாக்கர் ஐயா.

வீட்டுக்கு வந்து அவன் குதித்தான். “காகிதத்தைக் கும்பிடுற கூட்டம்! செய்ய மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா...”

“சொல்லிட்டீங்களா?”

“சொல்றதாத்தான் இருந்தேன்.”

வெட்டிய நீலத் துணியை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஓரம் மடித்தாள். “பெட்டியைப் பெருசாப் போட்டுடுங்க. வேதம் ஒண்ணும் கோவிச்சுக்காது.”

அடுத்த கூட்டத்தில் மெக்கானிக் முகத்தை இரண்டு முழம் நீட்டி வைத்துக்கொண்டு எழுந்தான். “பதினோரு கிலோவுக்குன்னா ஒரு குட்டிப் பெட்டி போதும் ஐயா. ஓட்டல்ல எச்சித் தட்டு இறக்குவாங்களே, அந்த மாதிரி. வேதத்துக்கு அது போதும்னு குழு நினைச்சா...” என்று இழுத்தான்.

அறை நடுங்கியது. ஒரு உறுப்பினர் காதைப் பொத்திக்கொண்டார். ஓர் ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம், ஒரு கட்டில் போடும் அகலம், இருநூறு கிலோ தாங்கும் மோட்டார் என்று ஒரே மூச்சில் தீர்மானம் நிறைவேறியது. மெக்கானிக் தெருவெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். அவளும் நாற்காலியும் வேதமும் சேர்த்தாலும் பாதிகூட வராது. “பாக்கி இடத்துல போதகரையும் ஏத்திக்கலாம்,” என்றான்.

அப்புறம் குழி தோண்டினார்கள்.

பாதாள அறைக்கு எவ்வளவு ஆழம் வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது. ஆனால் லாக்கர் ஐயா தினமும் காலையில் வந்து விளிம்பில் நின்று எட்டிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்” என்பார். தோண்டும் ஆட்களும் இன்னும் கொஞ்சம் தோண்டுவார்கள். கடைசியில் மேலே நின்று பேசினால் பதில் வருவதற்குச் சற்று நேரம் பிடித்தது. மேடைக்குப் பின்னாலிருந்த சுவரை உடைத்து லிஃப்டுக்குக் கதவு வைத்த நாளிலிருந்து, கூடத்துக்குள் ஒரு குளிர்ந்த காற்று வர ஆரம்பித்தது. அடியிலிருந்து வரும் காற்று. ஈர மண்ணின் வாசனை. பாடும்போது அது பின் கழுத்தைத் தொடும். ஜனங்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

வேதம் பாதாள அறைக்குப் போனதும் அதை வாசிப்பது நின்றது. திறந்தால் முதுகு தளரும், தொட்டால் விரல் ஈரம் படியும், வாசித்தால் எதிரே இருப்பவர் மூச்சுப் படும் என்று குழு கண்டுபிடித்திருந்தது. “படிக்கப் படிக்கத் தேயும்,” என்று லாக்கர் ஐயா அறிவித்தார். “படிக்காத வேதந்தான் முழு வேதம்.” போதகர் அதற்குப் பிறகு வேதத்திலிருந்து பிரசங்கம் செய்யவில்லை, வேதத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். ஒரு ஞாயிறு அட்டையின் தோல். அடுத்த ஞாயிறு தையல் நூல். மூன்றாவது ஞாயிறு பசையைப் பற்றிப் பேசும்போது அவருக்கு நடுவில் தொண்டை அடைத்துவிட்டது. பக்தியால் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் மட்டும், ஆராதனை முடிந்து எல்லோரும் எழுந்த நேரத்தில், வெகு சாதாரணமாகக் கேட்டார்: “எல்லாம் சரி, அதுல என்ன எழுதியிருக்குன்னு யாராவது இன்னைக்குப் படிப்பீங்களா?”

அடுத்த ஞாயிறு அவருடைய நாற்காலி இல்லை. அவர் வந்து, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, திரும்பிப் போனார். பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் நாற்காலிகளைச் சற்று நகர்த்தி இடைவெளியை மூடிக்கொண்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நீக்கப்பட்டவர்களுக்கு வணக்கம் சொல்லக் கூடாது என்று எங்கேயும் எழுதி ஒட்டவும் இல்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை. மறு வாரம், தன் கைவேதத்தைத் தரையில் பைக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு நர்ஸின் நாற்காலி போயிற்று. பிறகு தும்மியவர் ஒருவருடையது. கூடம் மெல்லச் சுருங்கியது. மிச்சமிருந்தவர்கள் முன்பைவிட நெருக்கமாக உட்கார்ந்திருந்ததால், சபையில் ஐக்கியம் வளர்ந்திருப்பதாகப் போதகர் அறிக்கை வாசித்தார்.

கண்ணாடிக் கடைக்காரர் ஒரு நாள் கடைத்தெருவில் மெக்கானிக்கைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து மெக்கானிக்கின் ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது. சட்டென்று குனிந்து கட்டினான். அவர் தாண்டிப் போகும்வரை கட்டினான். வீட்டுக்கு வந்த பிறகுதான், தான் அன்று செருப்புப் போட்டுக்கொண்டு போயிருந்தது அவன் நினைவுக்கு வந்தது. இதை மனைவியிடம் அவன் சொல்லவில்லை.

சொன்னதெல்லாம் கையுறைக் கதைதான். லிஃப்ட் பக்கம் போகிற எல்லோருக்கும் ஒரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறை கொடுத்திருந்தார்கள். மாட்டும் முறை ஒன்று, கழற்றும் முறை ஒன்று. கழற்றும்போது அவசரப்படக் கூடாது. இடது கைச் சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாக நுனியைப் பிடித்து மெல்ல இழுத்து, கட்டைவிரலில் முடிக்க வேண்டும். நடுவில் பேசக் கூடாது. லாக்கர் ஐயா கண்ணை மூடிக்கொண்டு செய்து காட்டினாராம்.

“பாரு, பாரு,” என்று அடுப்புத் துடைக்கும் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மெக்கானிக் நடுவீட்டில் நின்றான். கண்கள் சொருகின. உதடு குவிந்தது. “சுண்ண்டு விரல்... இப்ப மோதிர விரல்... ஐயோ, நடுவிரலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பெருமூச்சு...”

அவள் சிரித்த சிரிப்பில் மெஷினின் கைச்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. “போதும், போதும்! தையல் கோணிடுச்சு.”

“இந்தக் கை இரும்பைத் தொட்ட கை. எந்தக் காகிதத்துக்காகவும் உறை மாட்டாது,” என்றான். மறு நாள் வேலைக்குப் போகும்போது கையுறையைப் பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். சும்மா, யாராவது கேட்டால் காட்டுவதற்கு.

லிஃப்ட் ஏறக்குறைய முடிந்தபோது குழு பார்வையிட வந்தது. மெக்கானிக் ஒவ்வொன்றாக விளக்கினான். எடை மிஞ்சினால் அடிக்கும் மணியைக் காட்டியதும் லாக்கர் ஐயாவின் முகம் வாடியது.

“வேதத்தைப் பார்த்து எடை அதிகம்னு ஒரு மெஷின் மணி அடிக்குமா?”

“வேதத்துக்கு அடிக்காது ஐயா. வேற ஏதாவது ஏத்தினா...”

“வேற எதை ஏத்தப்போறோம்?”

மெக்கானிக் திருப்புளியை எடுத்தான். வேறு யாரை ஏற்றப்போகிறோம் என்பது அவனுக்கும் அவன் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மணியின் ஒயரைக் கழற்றினான்.

“அது என்ன கொக்கி?”

“கயிறு, பிரேக் எல்லாம் கைவிட்டா, பெட்டி விழறப்ப இந்தக் கொக்கி ரெண்டு பக்கமும் இரும்பைக் கடிச்சுப் பிடிச்சுக்கும் ஐயா.”

ஆறு பேரும் அவனைப் பார்த்தார்கள். அடியிலிருந்து வந்த காற்றில் லாக்கர் ஐயாவின் கழுத்துத் துணி ஆடியது.

“வேதம் விழும்னு நீ எதிர்பார்க்கறியா தம்பி?”

“நான் எதிர்பார்க்கல. கொக்கிதான்...”

“விழும்னு நினைச்சு ஒரு ஏற்பாடு செஞ்சா, விழும்னு நம்பறதா அர்த்தம். அந்த நம்பிக்கை நம்ம சபையில யாருக்காவது இருக்கா?” அவர் கண் அறையைச் சுற்றி வந்து, மெக்கானிக்கின் முகத்தில் நின்றது. “நாற்காலியெல்லாம் ஏற்கெனவே குறைஞ்சுட்டு வருது.”

வேதம் விழாது என்று அன்றே தீர்மானம் போட்டார்கள். கொக்கி மூலையில் ஒரு சாக்கில் கிடந்தது.

அன்று சாப்பாட்டில் மெக்கானிக்குக் கை போகவில்லை. செய்ய முடியாது என்று விலகினால் வேறொருவனைக் கொண்டுவந்து பதினோரு கிலோவுக்கு ஒரு தட்டுப்பெட்டி போட்டுவிடுவார்கள். அவள் குடைகளோடு உட்கார்ந்திருப்பாள்.

“கொக்கி இல்லாம ஏறலாமா?” என்று கேட்டாள் அவள்.

“பிரேக் இருக்குல்ல? இருநூறு கிலோவுக்கு நான் போட்ட பிரேக். அதுல பாதி எடைகூட நீ இல்ல. என் கணக்கு தப்பாது.”

“நீங்க சொன்னா சரி,” என்றாள். நீல உடுப்புக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

திறப்பு விழா நாளன்று கூடம் மலர்களால் மூச்சு முட்டியது. திட்டம் எளியது. வேதத்தைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த கீழ்த்தளக் கதவு வழியாக லிஃப்டுக்குள் வைத்துவிட்டு, கையுறைக்காரர்கள் வரவேற்பதற்காகப் படியேறி மேலே போவார்கள். அந்த இடைவெளியில் கதவு திறந்தே இருக்கும். அவள் குடை ஸ்டாண்டின் பக்கத்திலிருந்து நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மேலே லாக்கர் ஐயா பொத்தானை அழுத்துவார், கதவு திறக்கும், வேதமும் அவளும் சேர்ந்து வருவார்கள். இத்தனை பேர் முன்னால் யார் என்ன சொல்ல முடியும்? மெக்கானிக் விடிந்ததிலிருந்து கூடத்துக்கு மேலிருந்த மோட்டார் அறையில் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான்.

ஆகவே கீழே நடந்தது அவனுக்குத் தெரியாது. வேதம் வெறும் தரையில் நின்று பயணம் செய்யக் கூடாது என்று லாக்கர் ஐயாவுக்குக் கடைசி நேரத்தில் தோன்றியிருந்தது. காலையில் எட்டு ஆட்கள் ஒரு கருங்கல் பீடத்தைக் கயிறு கட்டி இழுத்து வந்து பெட்டிக்குள் நிறுத்திவிட்டுப் போனார்கள். முன்னூறு கிலோ இருக்கும். அதன் உச்சியில் வேதத்தைப் படுக்க வைத்தார்கள். அவள் உள்ளே போனபோது பீடத்தைப் பார்த்தாள். அழகாக இருக்கிறது என்று நினைத்தாள். எடை போட்டுப் பார்க்க அவளுக்குத் தெரியாது. அதைத் தெரிந்த மணியை முன்பே ஊமையாக்கியாயிற்று.

மேலே லாக்கர் ஐயா உரையை முடித்துக்கொண்டிருந்தார். “நாம சிலையை வணங்கறவங்க இல்ல. அதுதான் நம்ம பெருமை. நம்ம பீடத்து மேல சிலை கிடையாது!”

பொத்தானை அழுத்தினார்.

மோட்டார் முனகிய விதத்திலேயே மெக்கானிக்குப் புரிந்துவிட்டது. இது நாற்பத்தெட்டு கிலோவின் முனகல் இல்லை. சுவிட்சை அணைப்பதற்குள் பெட்டி மேலே வந்து, கூடத்தின் தரையை எட்டாமல், உலுக்கிக்கொண்டு நின்றது. பிரேக் கடித்துப் பிடித்தது. பிடித்த இடத்திலிருந்து கருகும் வாசனை வந்தது. அவன் ஏணியில் பாதி இறங்கி, பாதி குதித்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, கதவை இரும்புக் கம்பியால் நெம்பித் திறந்தான்.

பெட்டியின் மேல்பாதி மட்டும் கூடத்துக்குத் தெரிந்தது. தரைக்குக் கீழே, புகை மங்கலில், நீல உடுப்பு. உலுக்கலில் பீடத்திலிருந்து சரிந்த வேதத்தை அவள் மடியில் பிடித்து வைத்திருந்தாள். அண்ணாந்து பார்த்தாள். விளிம்பைச் சுற்றிக் குனிந்த அத்தனை முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“எல்லாரும் இருக்கீங்களா?” என்றாள் சந்தோஷமாக. “கண்ணாடிக்காரரைக் காணோமே?”

“அம்மா!” லாக்கர் ஐயாவின் குரல் கீச்சிட்டது. “கையுறை போட்டிருக்கியா?”

“இல்லையே ஐயா. விழப் பார்த்தது, பிடிச்சேன்.” அவள் மடியைப் பார்த்தாள். விழுந்த வேகத்தில் வேதம் நடுவில் திறந்திருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒருவர் அதன் ஒரு பக்கத்தைப் பார்த்தார். “இதுல பூராவும் மனுஷங்க பேரா இருக்கே. வரிசையா. இன்னாரோட பிள்ளை இன்னார்னு...”

“மூடு! முதுகு விரியுது!”

பெட்டி ஓர் அங்குலம் கீழே வழுக்கியது. சத்தமே இல்லாமல்.  பிரேக் கருகிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நேரம் தாங்கும் என்று மெக்கானிக்கின் கணக்குத் தெரிந்த மூளை தானாகவே சொன்னது. அதிக நேரம் இல்லை. கொக்கி சாக்கில். அடியில் லாக்கர் ஐயாவின் இன்னும் கொஞ்சம், அதற்கும் அடியில் இன்னும் கொஞ்சம். கல்லை எடுக்க முடியாது. எடுக்க முடிந்தது நாற்பத்தெட்டு கிலோதான். அதை உடனே எடுத்தாக வேண்டும். அவன் வயிற்றைத் தரையில் அழுத்திப் படுத்து, இரண்டு கையையும் கீழே நீட்டினான்.

“கையைக் குடு!”

“இதை என்ன செய்ய? கீழ வெச்சுடறேன்,” என்று அவள் வேதத்தை லிஃப்டின் தரையில் வைக்கக் குனிந்தாள்.

“தரையிலயா!”

கூடமே அலறியது. அந்த அலறலில் எல்லாவற்றையும் மீறிக் கேட்ட குரல் யாருடையது என்று மெக்கானிக் ஒரு கணம் தேடினான். அது அவனுடையது.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. புத்தகம் பாதியில் தொங்க, அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“முதல்ல வேதம்,” என்றார் லாக்கர் ஐயா அமைதியாக, அவன் தலைக்கு மேலே.

லிஃப்டுக்கு எடை தெரியும், மரியாதை தெரியாது. அந்த வாக்கியம் மெக்கானிக்கின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சுற்றி நூறு ஜோடிக் கண்கள். எல்லாம் அவன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவனும் பார்த்தான். கிரீஸ். கறுப்பு. நகக்கண்வரை. இந்தக் கையோடு எப்படி, என்று அவனுக்குள் யாரோ வெகு நியாயமாகக் கேட்டார்கள். ஒரு நிமிஷம்தானே. எப்படியும் அவள் மடியிலிருந்து அதை எடுத்தால்தான் அவளைத் தூக்க முடியும்.

எழுந்து உட்கார்ந்து, பின் பாக்கெட்டிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டான். முறைப்படி, மணிக்கட்டுவரை இழுத்துவிட்டான். மறுபடி படுத்து, தலையைத் தரைக்குக் கீழே தாழ்த்தி, அவள் நீட்டிய வேதத்தை இரண்டு கைகளாலும் ஏந்தினான். கதவின் விளிம்பில் அது உரசாமல் இருக்க, முழங்கையை உரசக் கொடுத்தான். தோல் கிழிந்தது. அவனுடைய தோல்தான்.

லாக்கர் ஐயா பெற்றுக்கொண்டார். கூடம் முழுவதும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டது. வெல்வெட் வந்தது, ஊர்வலம் திரும்பியது, பாட்டு ஆரம்பித்தது. விளிம்பைச் சுற்றியிருந்த முகங்கள் ஒன்றுவிடாமல் மேடைப் பக்கம் போய்விட்டன. போதகர் மட்டும் ஓர் எட்டுப் பின்தங்கி, “அந்தம்மாவும் உள்ள...” என்று ஆரம்பித்தார்.

“ஆராதனை ஆரம்பிச்சாச்சு போதகரே.”

போதகர் போனார்.

பதினோரு கிலோ குறைந்ததைப் பிரேக் கவனிக்கவே இல்லை. பெட்டி இன்னும் நாலு விரல் இறங்கியது. மெக்கானிக் பாய்ந்து படுத்து அவள் மணிக்கட்டுகளைப் பிடித்தான். இழுத்தான். கதவின் எண்ணெய் ஏறிய பருத்திக் கையுறை, அவள் தோலில் மீனைப் போல வழுக்கியது. மறுபடி பிடித்தான். மறுபடி வழுக்கியது.

“ஏங்க, அந்த உறையைக் கழட்டிட்டுப் பிடிங்க,” என்றாள்.

“இதோ. இதோ கழட்டறேன்.”

முழந்தாளிட்டு நிமிர்ந்தான். மேடைப் பக்கம் பாட்டு உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. வெல்வெட்டுக்கு முன்னால் எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. ஒரே ஒரு தலை மட்டும், லாக்கர் ஐயாவுடையது, திரும்பி அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெக்கானிக் வலது கையை இடது கையிடம் கொண்டுபோனான். சுண்டுவிரலின் நுனியைப் பிடித்து, மெல்ல இழுத்தான்.

கீழே பெட்டி ஒரு சாண் இறங்கியது.

அவள் அவனைப் பார்த்தாள். வீட்டில் அடுப்புத் துணியோடு நின்று அவன் செய்து காட்டியது ஞாபகம் வந்திருக்க வேண்டும். இந்த நேரத்திலும் வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்து அவள் முகத்தில் ஒரு சிரிப்பு தொடங்கியது. அவனும் சிரிப்பதற்காகக் காத்திருந்தாள்.

அவன் மோதிர விரலுக்குப் போனான்.